60 வாட்ஸ் பல்புல 65 ஓம்ஸ் காட்டுது, தப்பு ஃபார்முலாலயா மீட்டர்லயா?

தம்பி ஒருத்தர் கேட்டிருந்தது இது. புதுசா மல்டிமீட்டர் வாங்கியிருக்காரு, வாங்குன சூட்டோட வீட்ல இருக்கற வாட்டர் ஹீட்டர் ராட்ல ஓம்ஸ் வெச்சு பாத்திருக்காரு, 35 சொச்சம் காட்டியிருக்கு, ராட் மேல 230 வோல்ட்ஸ் 1500 வாட்ஸ்னு அடிச்சிருக்கு, கணக்கு போட்டா டாண்ணு வந்துடுச்சு. அதே குஷில பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ண எடுத்து பாத்திருக்காரு, கணக்குப்படி 880க்கு மேல வரணும், மீட்டர் வெறும் 65ல நிக்குது. சரி கிணத்து மோட்டாரையும் பாத்துடுவோம்னு 1 ஹெச்பி மோட்டார் வைண்டிங்ல (உள்ள சுத்தியிருக்கற தாமிரக் கம்பி) வெச்சா 3 ஓம்ஸ், அத ஃபார்முலால போட்டா 17,000 வாட்ஸ்க்கு மேல வருது, அது 20 ஹெச்பிக்கும் மேல. "ஃபார்முலா தப்பா, மீட்டர் தப்பா, நான் தப்பா"ன்னு கேட்டிருந்தாரு.

யாரும் தப்பு இல்ல தம்பி. மீட்டர் சொன்னது ஆறிக் கெடக்கற பல்பு எவ்வளவுன்னு, ஃபார்முலா சொல்றது எரியற பல்பு எவ்வளவுன்னு. ரெண்டும் ஒரே பல்புதான், ஆனா ரெசிஸ்டன்ஸ் (கரண்ட தடுக்கற அளவு, அத ஓம்ஸ்ல சொல்றோம்) விஷயத்துல ரெண்டும் வேற வேற ஆளு. நான் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கறவன், எங்க கோயமுத்தூர் பக்கம் பம்பு செட்டுக்கா பஞ்சம், இருவது வருஷமா இதே பொழப்பு, வேலை கத்துக்க வர்ற பசங்க எல்லாம் இதே எடத்துலதான் முட்டிக்குவாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

மொதல்ல கணக்க வெச்சுடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க. வோல்டேஜ ஆம்ப்ஸால வகுத்தா ஓம்ஸ். வோல்டேஜையும் ஆம்ப்ஸையும் பெருக்குனா வாட்ஸ். அசல் சரக்கு இவ்வளவுதான். மத்ததெல்லாம் இதுல ஒண்ண இன்னொண்ணுக்குள்ள நுழைச்சு எடுத்தது. ஆம்ப்ஸ் தெரியலன்னா வோல்டேஜ வோல்டேஜாலயே பெருக்கி ஓம்ஸால வகுத்தா வாட்ஸ் வந்துடும், வோல்டேஜ் தெரியலன்னா ஆம்ப்ஸ ஆம்ப்ஸாலயே பெருக்கி அத ஓம்ஸால பெருக்குனா வாட்ஸ். உங்க ராட எடுத்துக்கங்க, 1500 ÷ 230 = 6.52 ஆம்ப்ஸ், 230 ÷ 6.52 = 35.27 ஓம்ஸ். (இந்த 6.52 இருக்கே, அதனாலதான் ராட சின்ன 6 ஆம்ப்ஸ் பிளக்ல மாட்டாதீங்கன்னு தொண்ட தண்ணி வத்த சொல்றது, அதுக்குன்னு 16 ஆம்ப்ஸ் பவர் பிளக் இருக்கு, ஆனா யாரு கேக்கறா, மல்டிபிளக் ஒண்ண வாங்கி சொருகிட்டு மேல டிவியையும் சேத்து மாட்டறாங்க.)

இதுல போடற மூணு நம்பரும் ஒரே நேரத்துல, ஒரே சாமானோட ரெண்டு முனைல எடுத்ததா இருக்கணும். இது மட்டும் பிடிபட்டுடுச்சுன்னா மிச்சம் எல்லாம் தானா வந்துடும். காலைல ஆறிக் கெடந்தப்போ எடுத்த ஓம்ஸையும் ராத்திரி எரியறப்போ இருக்கற வோல்டேஜையும் சேத்து கணக்கு போடறது மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடற வேலை.

பல்புக்கு வருவோம். உள்ள இருக்கறது டங்ஸ்டன் கம்பி, எரியறப்போ சுமாரா 2500 டிகிரி வரைக்கும் போகும். உலோகம் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், டங்ஸ்டன் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.45 சதவீதம் ஏறுது, கேக்க சின்னதா இருக்கு, 2500 டிகிரிக்கு போட்டுப் பாருங்க, 12, 13 மடங்கு ஆயிடும். 65ஐ 13ஆல பெருக்குனா 845, கணக்குல வர்ற 882க்கு பக்கத்துல வந்துட்டோம்ல. உங்க மீட்டர் ஓம்ஸ் பாக்கறப்போ பேட்டரில இருந்து துளியூண்டு கரண்ட் விட்டுத்தான் பாக்குது, அதுல பல்பு கம்பி வெதுவெதுப்பு கூட ஆகாது.

இதுல இன்னொரு சங்கதியும் கெடக்கு. சுவிட்ச் போடற அந்த நொடில பல்பு 65 ஓம்ஸ்தான், அப்ப 230 ÷ 65 = 3.5 ஆம்ப்ஸ் உள்ள பாயும், கம்பி கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள சூடாகி 0.26 ஆம்ப்ஸுக்கு எறங்கிடும். குண்டு பல்பு எப்பவும் சுவிட்ச் போடறப்போதான் டப்புன்னு ஃபியூஸ் போகும், நல்லா எரிஞ்சிட்டிருக்கறப்போ போறது அபூர்வம், பாத்திருப்பீங்க. காரணம் இதுதான்.

ரெண்டு 60 வாட்ஸ் பல்ப சீரிஸ்ல, அதாவது ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒரே பாதைல போட்டா ஆளுக்கு 115 வோல்ட்ஸ். வோல்டேஜ் பாதி ஆச்சுன்னா ஆம்ப்ஸும் பாதி, 0.13 ஆகணும்னு தோணும். வயர கவ்விப் பிடிச்சு ஆம்ப்ஸ் பாக்கற கிளாம்ப் மீட்டருக்கு இவ்வளவு கம்மி கரண்ட் சரியா புடிபடாது, மல்டிமீட்டர சீரிஸ்ல போட்டு பாருங்க, 0.17, 0.18 காட்டும். ஏன்னா பல்பு மங்கலா எரியுது, கம்பி சூடு கம்மி, அதனால ரெசிஸ்டன்ஸும் 882ல இருந்து எறங்கிடுச்சு. அப்ப வோல்டேஜுக்கு ஏத்தபடிதான் ஆம்ப்ஸ் போகும்ங்கற ஓம் விதி பொய்யான்னு கேட்டா, இல்ல, சூடு மாறாத வரைக்கும்தான் ரெசிஸ்டன்ஸ் மாறாதுன்னு விதி சொல்லுது, நாமதான் அந்த முதல் பாதிய பரீட்சைக்கு அப்பறம் மறந்துடறோம்.

ராட்ல மட்டும் எப்படி டாண்ணு வந்துச்சுன்னா, அதுக்குள்ள இருக்கறது நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்தது, சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் சில சதவீதம்தான் நகரும். அயர்ன் பாக்ஸ், கீசர், இன்டக்ஷன் வர்றதுக்கு முன்னாடி இருந்த காயில் அடுப்பு, எல்லாத்துலயும் இந்தக் குடும்பம்தான். அதனால சூடு பண்ற சாமானுக்கு ஆறுன ஓம்ஸ வெச்சே வாட்ஸ் கணக்கு போட்டுக்கலாம், பெருசா ஏமாத்தாது. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, மீட்டரோட ரெண்டு ப்ரோபையும் (வயர் நுனில இருக்கற கம்பி முனை) ஒண்ணோட ஒண்ணு முட்ட வெச்சா 0.3, 0.4ன்னு ஏதாவது காட்டும், அது வயரோட ஓம்ஸ், அத கழிச்சுக்கணும். 35 ஓம்ஸ்ல அது ஒண்ணும் இல்ல, 3 ஓம்ஸ் வைண்டிங்ல அது பத்துல ஒரு பங்கு.

இந்த விதிய கண்டுபிடிச்ச ஓம் பட்டபாடும் இதே பாடுதான், அத ஒரு வரி சொல்லியே ஆகணும். ஜெர்மனில கொலோன் ஊர்ல பள்ளிக்கூட வாத்தியார் அவரு. அந்தக் காலத்து வோல்டா பேட்டரிய வெச்சு சோதனை பண்ணா, கரண்ட் எடுக்க எடுக்க அதோட வோல்டேஜ் சரிஞ்சுட்டே போவுது, எந்த நம்பரும் எதோடயும் ஒட்டல. கடைசில 1826 வாக்குல பேட்டரிய தூக்கிப் போட்டுட்டு, பிஸ்மத்தையும் தாமிரத்தையும் ஒட்டி ஒரு முனைய கொதிக்கற தண்ணிலயும் இன்னொரு முனைய ஐஸ்லயும் வெச்சாரு. கொதிக்கற தண்ணியும் சூடு மாறாது, உருகற ஐஸும் மாறாது, அதுல இருந்து வர்ற துளி வோல்டேஜும் அசையாம நின்னுச்சு, அப்பத்தான் கணக்கு படிஞ்சுது. 1827ல புத்தகமா போட்டாரு, சொந்த ஊர்ல அப்ப பெருசா யாரும் சீண்டல, 1841ல லண்டன் ராயல் சொசைட்டி காப்ளே மெடல் குடுத்தப்பறம்தான் மரியாதை. அவருக்கும் முன்னாடி 1781லயே இங்கிலாந்து விஞ்ஞானி கேவன்டிஷ் இதே விஷயத்த பாத்துட்டாரு, ஆம்மீட்டர் இல்லாத காலம், தன் ஒடம்புலயே ஷாக் வாங்கி எது பலமா அடிக்குதுன்னு ஒப்பிட்டுப் பாத்தாரு மனுஷன், ஆனா வெளிய சொல்லல, 1879ல மேக்ஸ்வெல்ங்கற இன்னொரு விஞ்ஞானி அவரோட நோட்டுகள அச்சுல கொண்டு வந்தப்பறம்தான் ஊருக்கே தெரிஞ்சுது.

நம்ம ஊரு கரண்டும் அந்த வோல்டா பேட்டரி மாதிரிதான், லோடு ஏறுனா வோல்டேஜ் எறங்கும். டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து கடைசி வீடா இருந்தா சாயங்காலம் 180க்கு வர்றதெல்லாம் சகஜம். அப்ப உங்க ராட் எத்தன வாட்ஸ்? 1500னு சொல்லாதீங்க. ஓம்ஸ் அதே 35.27, 180 × 180 ÷ 35.27 = 919 வாட்ஸ். வோல்டேஜ் கொறஞ்சது 22 சதவீதம், வாட்ஸ் கொறஞ்சது கிட்டத்தட்ட 39 சதவீதம், ஏன்னா வோல்டேஜ் ரெண்டு தடவ பெருக்கல்ல வருது. 15 லிட்டர் பக்கெட் தண்ணிய 25 டிகிரில இருந்து 45க்கு கொண்டு வர 12.56 லட்சம் ஜூல் வேணும், 1500 வாட்ஸ்னா 14 நிமிஷம், 919னா 23 நிமிஷம். ராட்ல கோளாறுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி சாக்கெட்ல வோல்டேஜ பாத்துட்டுப் போங்க.

இப்ப நான் பாத்த ஒரு வீட்டு சமாச்சாரம் சொல்றேன், நீங்க கேட்ட கணக்கு நெஜத்துல எதுக்கு ஒதவுதுன்னு இதுல தெரியும். தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க கூப்பிட்டாங்க, "ராட் போட்டா சுவரு பக்கம் கருகுற வாட வருது தம்பி, ராடுதான் போயிடுச்சு போல, புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னாங்க. நான் ராட தொடவே இல்ல. பாத்ரூம் சாக்கெட்ல லோடு இல்லாம வோல்டேஜ் பாத்தேன், 226. ராட பக்கெட்ல போட்டு ஆன் பண்ணி, அதே சாக்கெட்ல பாத்தா 211. கிளாம்ப் மீட்டர ஒத்த வயர்ல மாட்டி பாத்தா 6.0 ஆம்ப்ஸ் (ரெண்டு வயரையும் சேத்து மாட்டுனா சைபர்தான் காட்டும், போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுடும், புதுசா மீட்டர் வாங்கினவங்க எல்லாரும் ஒரு தடவ இதுல முழிப்பாங்க).

211 ÷ 6.0 = 35.2 ஓம்ஸ். ராட் தங்கமா இருக்கு. அப்ப காணாம போன 15 வோல்ட்ஸ் எங்க? அதுவும் அதே 6 ஆம்ப்ஸ் போற பாதைலதான் விழுந்திருக்கணும், 15 ÷ 6 = 2.5 ஓம்ஸ் எங்கயோ வழில ஒளிஞ்சிருக்கு, 15 × 6 = 90 வாட்ஸ் தண்ணிய சூடு பண்ணாம வேற எதையோ சூடு பண்ணிட்டிருக்கு. ராட் ஓடிட்டிருக்கறப்பவே மெயின் போர்டுல போய் பாத்தேன், 222. அப்ப 4 வோல்ட்ஸ் ஈபி லைன் பக்கம் விழுது, அது நம்ம கைல இல்ல, மிச்சம் 11 வோல்ட்ஸ் வீட்டுக்குள்ள. மெயின்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் 25 மீட்டர் வயர், போக வர 50 மீட்டர், போட்டிருந்தது 1 ஸ்கொயர் எம்எம் வயர் (பவர் பிளக்குக்கு இத போட்டவரு கைய தனியா பாத்துக்கணும், 2.5 போட்டிருக்கணும்). 1 ஸ்கொயர் எம்எம் தாமிர வயர் மீட்டருக்கு சுமாரா 0.018 ஓம்ஸ், 50 மீட்டருக்கு 0.9, 6 ஆம்ப்ஸ்க்கு 5.4 வோல்ட்ஸ். இன்னும் 5.6 வோல்ட்ஸுக்கு கணக்கு இடிக்குது.

5.6 × 6 = 33.6 வாட்ஸ். அந்த 5.6 வோல்ட்ஸ் 25 மீட்டருக்கும் பரவிக் கெடந்தா ஒண்ணும் தெரியாது, வயர் லேசா வெதுவெதுன்னு இருக்கும், ஆனா ஒரே எடத்துல இருந்தா? ஈயம் உருக்கற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தாங்க. அப்ப ஒரு சால்டரிங் அயர்னுக்கு மேலயே சூடு எங்கயோ சுவத்துக்குள்ள உக்காந்திருக்கு. மெயின ஆஃப் பண்ணிட்டு ஜங்ஷன் பாக்ஸ ஒவ்வொண்ணா தொறந்தோம், ரெண்டாவதுலயே மாட்டிக்கிச்சு, ரெண்டு வயர சும்மா முறுக்கி டேப் சுத்தி வெச்சிருந்தாங்க, டேப் உருகி கருப்பு வெல்லப்பாகு மாதிரி வழிஞ்சிருந்துச்சு, வயர் மேல இருந்த பிவிசி முறுக்கு வடை மாதிரி நொறுங்குச்சு. வெட்டி எறிஞ்சுட்டு நல்ல கனெக்டர் போட்டு டைட் பண்ணி மறுபடி பாத்தா லோடுல 216. அக்காகிட்ட வயர் மாத்தணும்னு சொல்லியிருக்கேன், பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்போ பாக்கலாம்னாங்க.

இந்த ஜாயின்ட ஆஃப் பண்ணி வெச்சு மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாத்திருந்தா என்ன காட்டியிருக்கும்? 1 ஓம்ஸ்க்கும் கீழ, அதுல பாதி மீட்டர் வயரோடது, ஆறிப் போனா இன்னும் கொறைஞ்சிருக்கும், "நல்லாத்தான் இருக்கு"ன்னு மூடியிருப்போம். ஓட விட்டு வோல்டேஜையும் ஆம்ப்ஸையும் எடுத்ததாலதான் மாட்டுச்சு. ஆம்ப்ஸ் ஆம்ப்ஸ் ஓம்ஸ்ங்கற கணக்கும் இங்கதான் வேலைக்கு வரும், 6 × 6 = 36, அரை ஓம்ஸ் லூஸ் கனெக்ஷன்னா 18 வாட்ஸ், பிளக் பின் கருக அது போதும். அதே அரை ஓம்ஸ் ஒரு எல்இடி பல்பு லைன்ல இருந்தா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகும், வருஷக் கணக்கா யாருக்கும் தெரியாது.

இந்த எடத்துல எல்லாருக்கும் ஒரு கொழப்பம் வரும், ஒரு ஃபார்முலால ஓம்ஸால வகுக்கறோம், இன்னொண்ணுல ஓம்ஸால பெருக்கறோம், அப்ப ரெசிஸ்டன்ஸ் ஏறுனா வாட்ஸ் ஏறுமா எறங்குமா? எத மாத்தாம வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. சாக்கெட்ல நேரா மாட்டுனா வோல்டேஜ் மாறாது, அங்க ஓம்ஸ் கம்மியா இருக்கறதுக்குத்தான் வாட்ஸ் ஜாஸ்தி, 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 53 ஓம்ஸ், 1500 வாட்ஸ் ராட் 35 ஓம்ஸ். சீரிஸ்ல போட்டா ஆம்ப்ஸ்தான் பொது, அங்க ஓம்ஸ் ஜாஸ்தியா இருக்கறவன்தான் அதிகமா சூடாவான். அதனாலதான் 60 வாட்ஸ் பல்பையும் 100 வாட்ஸ் பல்பையும் சீரிஸ்ல மாட்டுனா 60தான் பளிச்சுன்னு எரியும், 100 மங்கும். எங்க கடைல சீரிஸ் லேம்ப் போர்டு ஒண்ணு தொங்கும், வைண்டிங்க பல்போட சீரிஸ்ல போட்டு பாப்போம், பல்பு முழுசா எரிஞ்சா வைண்டிங் ஷார்ட், மங்கலா எரிஞ்சா பரவால்ல, எரியவே இல்லன்னா எங்கயோ கட். மீட்டர் வாங்க வக்கில்லாத காலத்துல இருந்து இதுதான் எங்க மீட்டர், இன்னைக்கும் மொதல் பார்வ அதுலதான்.

இப்ப உங்க மோட்டார். 3 ஓம்ஸ் சரிதான், மீட்டர் பொய் சொல்லல. ஆனா மோட்டார் ஓடறப்போ அந்த 230 வோல்ட்ஸ் பூராவும் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் மேல விழறது இல்ல. சுத்தற மோட்டார் தனக்குள்ளயே எதிர் வோல்டேஜ் ஒண்ண கெளப்பும், வர்ற வோல்டேஜுக்கு அது மல்லுக்கு நிக்கும், மிச்சம் இருக்கறதுதான் கரண்ட தள்ளும். அதனால 76 ஆம்ப்ஸ் போக வேண்டிய எடத்துல 6, 7 ஆம்ப்ஸ்தான் போகுது. சும்மா 6.5ன்னு வெச்சுக்குவோம். 6.5 × 6.5 × 3 = 127 வாட்ஸ், இதுதான் வைண்டிங் கம்பில சூடா போற பவர், இத மட்டும்தான் 3 ஓம்ஸ வெச்சு கண்டுபிடிக்க முடியும். மோட்டார் மொத்தமா இழுக்கற பவர் வேற கணக்கு. 230 × 6.5 = 1495 வருதே, அதுவும் வாட்ஸ் இல்ல, ஏசில (வீட்டுக்கு வர்ற, திசை மாறி மாறி ஓடற கரண்ட்) மோட்டார் மாதிரி காயில் சாமான்ல கரண்டும் வோல்டேஜும் கால் ஒத்துப் போறது இல்ல, ஒருத்தன் பின்னாடி வருவான், அதுக்கு பவர் ஃபேக்டர்னு ஒண்ண பெருக்கணும், 0.75ன்னு வெச்சா 1121 வாட்ஸ். அதுல 746தான் தண்ணிய தள்ளற 1 ஹெச்பி, மிச்சம் சூடு, சத்தம், உராய்வுன்னு போயிடும். எல்இடி பல்புக்கும் இதே தொல்லதான், 9 வாட்ஸ் பல்புல வோல்டேஜ் ஆம்ப்ஸ் பெருக்குனா 9க்கு மேலதான் வரும், பல்பு திருடுதுன்னு நெனச்சுடாதீங்க. வோல்டேஜ் ஆம்ப்ஸ் பெருக்குனா வாட்ஸ்ங்கறது பேட்டரில வர்ற டிசி கரண்டுக்கும், ஏசில ராட், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு மாதிரி வெறும் சூட்டு சாமானுக்கும்தான் அப்படியே பொருந்தும்.

மோட்டார் சேறு அடைச்சு ஜாம் ஆச்சுன்னா என்ன ஆகும்னு இப்ப உங்களுக்கே தெரியும். சுத்தல, எதிர் வோல்டேஜ் ரொம்ப கொறஞ்சுடும், ஆம்ப்ஸ் அஞ்சு மடங்கு ஏறும், 32 ஆம்ப்ஸ்னு வெச்சா 32 × 32 × 3 = 3072 வாட்ஸ். 127 வாட்ஸ் சூட்டுக்கு செஞ்ச வைண்டிங்ல 3000 வாட்ஸ், வார்னிஷ் பொசுங்கற வாட தோட்டம் பூரா அடிக்கும், மறுநாள் காலைல என் கட வாசல்ல மோட்டார் நிக்கும். லோ வோல்டேஜ்லயும் மோட்டார் எரியறது கிட்டத்தட்ட இந்தக் கததான். ராடுக்கு வோல்டேஜ் கொறஞ்சா ஆம்ப்ஸும் கொறையும், பாவம் சும்மா மெதுவா சுடும். மோட்டார் அப்படி இல்ல, கிணத்து ஆழம் கொறையப் போறதில்ல, தூக்க வேண்டிய தண்ணி அதேதான், வோல்டேஜ் எறங்குனா ஆம்ப்ஸ ஏத்தி இழுத்து ஈடு கட்டப் பாக்கும், ஏறுன ஆம்ப்ஸ் ரெண்டு தடவ பெருக்கல்ல வந்து கம்பிய சுடும்.

அந்த 3 ஓம்ஸ வேஸ்ட்னு நெனச்சுடாதீங்க, அதுல ஒரு நல்ல வித்த இருக்கு. உலோகம் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும்னு சொன்னேன்ல, வைண்டிங் தாமிரமும் அப்படித்தான், அத திருப்பிப் போட்டா ரெசிஸ்டன்ஸே தெர்மாமீட்டர் ஆயிடும். ஆறுனப்போ 30 டிகிரில 3.0 ஓம்ஸ், நாலு மணி நேரம் ஓட விட்டு நிறுத்துன உடனே பாத்தா 3.9 ஓம்ஸ்னு வெச்சுக்கங்க. தாமிரத்துக்கு 234.5ன்னு ஒரு நம்பர் இருக்கு, அதோட ஆறுன டிகிரி 30ஐ கூட்டுனா 264.5, அத 3.9 ÷ 3.0 அதாவது 1.3ஆல பெருக்குனா 343.9, அதுல 234.5ஐ கழிச்சா 109. வைண்டிங்குக்கு உள்ள 109 டிகிரி. மேல கைய வெச்சா வெதுவெதுன்னுதான் இருக்கும், உள்ள தண்ணி கொதிக்கற சூட்ட தாண்டி நிக்குது. பி கிளாஸ் இன்சுலேஷன்னா 130 வரைக்கும் தாங்கும், அதனால இது ஓகே. இங்க நிறுத்துன உடனே பாக்கறது முக்கியம், டீ குடிச்சுட்டு வந்து பாத்தா அந்த நம்பருக்கு அர்த்தம் இல்ல.

"ஒரே சாமானோட ரெண்டு முனைல"ன்னு சொன்னேனே, அதுக்கு ஒரு சின்ன உதாரணம், பைக்குக்கு எல்இடி மாட்டற பசங்களுக்கு. 12 வோல்ட்ஸ் பேட்டரி, வெள்ள எல்இடி ஒண்ணு, 20 மில்லி ஆம்ப்ஸ் போதும், ரெசிஸ்டர் எவ்வளவு? நெறைய பேரு 12 ÷ 0.02 = 600னு போட்டுடுவாங்க. எல்இடியே 3 வோல்ட்ஸ் எடுத்துக்கும், ரெசிஸ்டர் மேல விழறது 9தான், 9 ÷ 0.02 = 450, கடைல கெடைக்கறது 470. வாட்ஸ் 9 × 0.019 = 0.17, கால் வாட் ரெசிஸ்டர் போதும்னு தோணும். ஆனா இன்ஜின் ஓடறப்போ பேட்டரி 14.4க்கு போகுமே, அப்ப ரெசிஸ்டர் மேல 11.4, ஆம்ப்ஸ் 0.024, வாட்ஸ் 0.28, கால் வாட்ட தாண்டிடுச்சு, அரை வாட் போடுங்க. மில்லி ஆம்ப்ஸ 1000ஆல வகுக்க மறந்து 9 ÷ 20 = 0.45 ஓம்ஸ்னு வந்து, அத நம்பி ரெசிஸ்டர் தேடி கட கடயா அலஞ்ச ஆளும் இருக்கான், என்கிட்டயே வந்து கேட்டான்.

மீட்டர் புதுசுன்னு சொன்னதால ரெண்டு எச்சரிக்கை. ஓம்ஸ் பாக்கறப்போ பிளக்க கழட்டிடுங்க, சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது. ஆம்ப்ஸ் பாக்க செவப்பு ப்ரோப 10 ஆம்ப்ஸ் ஓட்டைல சொருகினீங்கன்னா வேல முடிஞ்சதும் மொதல் வேலையா திரும்ப வோல்டேஜ் ஓட்டைக்கு மாத்திடுங்க. அந்த ஓட்டைல மீட்டரோட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட சைபர், அப்படியே போய் சாக்கெட்ல வோல்டேஜ் பாத்தா பேஸையும் நியூட்ரலையும் கம்பிய வெச்சு முட்ட வெச்ச மாதிரி. வேல கத்துக்கிட்ட காலத்துல நான் பண்ணியிருக்கேன், ப்ரோப் முனை உருகி சாக்கெட்லயே ஒட்டிக்கிச்சு, மொதலாளி ஒண்ணும் சொல்லல, அந்த ப்ரோப ஆணி அடிச்சு சுவத்துல மாட்டிட்டாரு.

ஒடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான், அதையும் சொல்லிடறேன். ஈரமா இருந்தா சுமாரா 1000 ஓம்ஸ்னு வெச்சு பாருங்க, 230 ÷ 1000 = 0.23 ஆம்ப்ஸ். உயிர் போக இது தாராளம், ஆனா கரண்ட் அளவு மீறுனா கட் பண்ற 6 ஆம்ப்ஸ் எம்சிபி சுவிட்சுக்கு இது கொசுக்கடி, அசையாது. பாத்ரூம் லைனுக்கு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் வெளிய கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) போடச் சொல்றது இதுக்குத்தான். ராட் தண்ணிக்குள்ள இருக்கறப்போ வெரல விட்டு சூடு பாக்கற பழக்கம் வீட்ல யாருக்காவது இருந்தா மொதல்ல அத நிறுத்துங்க, பிளக்க கழட்டிட்டு விடச் சொல்லுங்க.

கிளாம்ப் மீட்டர் இல்லாம ராடோட நெஜ வாட்ஸ் பாக்க முடியுமான்னு கடைசில கேட்டிருந்தீங்க. முடியும், ஈபி மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டர்ல செவப்பு லைட் ஒண்ணு சிமிட்டும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தன சிமிட்டல்னு போட்டிருக்கும், நெறைய மீட்டர்ல 3200. வீட்ல மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ராட மட்டும் போட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தன தடவ சிமிட்டுதுன்னு எண்ணுங்க. 80 வந்துச்சுன்னா மணிக்கு 4800, அத 3200ஆல வகுத்தா 1.5 யூனிட், அப்ப 1500 வாட்ஸ். 49தான் வருதுன்னா 919 வாட்ஸ், சாக்கெட்ல 180தான் இருக்குன்னு மீட்டர் வெக்காமலே தெரிஞ்சுக்கலாம். பவர் ஃபேக்டர் தொல்லயும் இதுல இல்ல, ஈபிக்காரன் மீட்டர் நெஜ வாட்ஸதான் எண்ணும், அதனால மோட்டாரையும் இதே மாதிரி பாத்துக்கலாம். எண்ணறப்போ நடுவுல ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிச்சுடுச்சுன்னா மொதல்ல இருந்து எண்ணுங்க, நான் ஒரு தடவ அதுல ஏமாந்து நல்ல ராட கழட்டிப் போட்டுட்டேன்.